போறேன் என்று சொல்லாத வீடு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வெளியே கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்லக்கூடாது. 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, தமிழ்நாட்டில் எல்லா வீடுகளிலும் இருக்கிற வழக்கம்தான். ஆனால் மற்ற வீடுகளில் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், 'அப்படிச் சொல்லாதே' என்பதோடு விட்டுவிடுவார்கள். என் அம்மா விடமாட்டாள். அந்த வார்த்தையைச் சொன்னவர் யாராக இருந்தாலும் திரும்பி உள்ளே வர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு முதலிலிருந்து கிளம்ப வேண்டும்.

அப்பாவுக்கும் இதே சட்டம்தான். ஆவடியில் இருந்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறியவர். ஒருநாள் காலை, தொழிற்சாலைச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போது சைக்கிளில் காலைப் போட்டபடி "நான் போறேன்" என்று சொல்லிவிட்டார். அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்து கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"சங்கு ஊதுது, விடுளா" என்றார் அப்பா.

"ஊதிக்கினே இருக்கட்டும். உள்ள வந்து குந்து."

அப்பா உட்கார்ந்தார், குடித்தார், அன்று தாமதமாக வேலைக்குப் போய் மேஸ்திரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். அம்மா பிறந்து வளர்ந்தது அம்பத்தூரில். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், சகுனம் பார்க்காதவள், பூனை குறுக்கே போனால் அதற்குப் பால் வைக்கிறவள். இந்த ஒன்றில் மட்டும் அசையமாட்டாள். ஏன் என்று கேட்டால், "போறேன்னா போனதுதான். அப்புறம் இன்னாத்துக்கு ஊடு?" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். ஊரே அமெரிக்கா அமெரிக்கா என்று பறந்துகொண்டிருந்த காலம். எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்திருந்தன. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும், அதைச் சரிசெய்ய நம் பிள்ளைகளைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று டீக்கடையில்கூடப் பேசினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நேர்முகத் தேர்வுகளில் வட்டமாக உட்கார வைத்து ஏதாவது ஒரு விஷயத்தைக் கொடுத்து ஆங்கிலத்தில் விவாதிக்கச் சொல்வார்கள். நகரத்துப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பேசுவார்கள். நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். ப்ரோக்ராம் எழுதச் சொன்னால் அவர்களைவிட முன்னால் எழுதிக் கொடுப்பேன். ஆனால் அந்தக் கட்டம்வரைக்கும் என்னை யாரும் விடவில்லை. கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், சம்பளப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். படித்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தினமும் எரிச்சலோடு ரயிலேறி எரிச்சலோடு இறங்கினேன்.

அப்போதுதான் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போன இடத்தில் அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்தேன். ஜப்பானியக் கம்பெனி ஒன்று மறு ஆண்டு சென்னையில் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. ஜப்பானிலேயே இருந்து மின்னணுக் கருவிகளுக்கு ப்ரோக்ராம் எழுதும் வேலை. நேர்முகத் தேர்வு முழுக்க ஜப்பானிய மொழியில் நடக்கும், ஆங்கிலம் செல்லாது. அதைப் பார்த்துவிட்டுச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலத்தில் என்னை மிஞ்ச ஊரே இருந்தது. இதில் எல்லோரும் என்னைப்போல் பூஜ்யம். ஆளே நிற்காத வரிசையில் முதல் ஆளாக நிற்பதில் எனக்கு என்ன நஷ்டம்? போனால் அங்கேதான் போவது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா, "அங்கல்லாம் பூமி ஆடிக்கிட்டே கெடக்குமாமே" என்றார்.

அம்மா வேறொன்றைத் தூக்கிப் போட்டாள். "இவளா? காலேஜ் ஆஸ்டல்ல சேத்து ஒரு வாரம்கூட முழுசா ஆவல, பொட்டிய தூக்கிகினு ஊட்டாண்ட வந்து நின்னவ இவ. இவ ஜப்பான் போறாளாம்."

உண்மைதான். விடுதியில் சேர்ந்த வாரமே அழுது வடிந்து ஓடிவந்துவிட்டேன். அதன்பிறகு நாலு வருடமும் ரயிலில் போய்வந்துதான் படித்தேன். அதைச் சொல்லிக்காட்டியதில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தேன். பசியில் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

நகரத்தில் சனி, ஞாயிறுகளில் ஜப்பானிய வகுப்பு நடந்தது. ஞாயிறு ஆராதனை தவறக்கூடாது என்பதற்காக விடியற்கால ஆராதனைக்குப் போய்விட்டு, அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடுவேன். வாக்மேனில் பாடக் கேசட். பெண்கள் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டும் பூக்கட்டிக்கொண்டும் வருகிறவர்கள் நடுவில் நான் மட்டும் வாயை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மாள் பல மாதங்கள் எனக்கு ஜன்னலோர இடம் விட்டுக்கொடுத்தார். நான் திருத்தவில்லை.

படித்த விதம் எனக்குத் தெரிந்த ஒரே விதம்தான்: மனப்பாடம். பத்தாம் வகுப்பு வரலாற்றிலிருந்து பொறியியல் கணக்கு வரை உருப்போட்டே தேறியவள் நான். இதையும் அப்படித்தான் செய்தேன். என்னைப் பற்றி ஒரு பத்தி, என் ஊரைப் பற்றி ஒரு பத்தி, என் படிப்பு, என் லட்சியம், ஜப்பானை எனக்கு ஏன் பிடிக்கும் என்று, கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதில் கட்டி, ஆசிரியையிடம் திருத்தி வாங்கி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற அளவுக்கு ஏற்றிவைத்தேன்.

ஆனால் மொழி நாள் முழுக்க வாயில் புழங்க வேண்டும் என்று ஆசிரியை அடிக்கடி சொல்லுவார். ஆவடி குவார்ட்டர்ஸில் நான் யாரோடு ஜப்பானிய மொழி பேச? அந்தச் சமயத்தில்தான் ஒரு பாடத்தில் அது வந்தது. ஜப்பானியர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'இத்தே கிமாஸ்' என்பார்களாம். அதற்கு அர்த்தம், 'போயிட்டு வரேன்'. வீட்டில் இருப்பவர்கள் 'இத்தெராஷ்ஷாய்' என்று பதில் சொல்ல வேண்டும். அதாவது, 'போயிட்டு வா'. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வகுப்பில் மற்றவர்கள் எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போனார்கள். எனக்கு உடனே வீட்டுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது.

"அம்மா, அவங்களும் போறேன்னு சொல்ல மாட்டாங்களாம்மா. போயிட்டு வரேன்னுதான் சொல்வாங்களாம்."

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். "நெஜமாவா?"

"புஸ்தகத்துலயே போட்டிருக்கும்மா."

அடுத்த மீனைக் கையில் எடுத்தாள். "அப்ப நல்ல ஜனங்கதான். கத்துக்கோ" என்றாள். எனக்குக் கிடைத்த அனுமதி அதுதான்.

மறுநாளிலிருந்து தொடங்கியது. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நான் "இத்தே கிமாஸ்" என்பேன். அம்மா எங்கிருந்தாலும் "இத்தெராஷ்ஷாய்" என்று குரல் கொடுப்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஜப்பானிய வார்த்தை அது. ஆனால் கேசட்டில் வருகிற பெண்ணைவிடக் கம்பீரமாகச் சொல்லுவாள். பெரும்பாலும் அந்த நேரத்தில் அவள் அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பாள். அங்கே நிற்கிற பெண்களுக்கு முதலில் இது கேலியாக இருந்தது. "இன்னாக்கா, உன் பொண்ணுக்கு மந்திரம் போடுறியா?" என்று கேட்டவர்கள், கொஞ்சநாளில் அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மதுரைக்காரி ஒரு ராகத்தில், வேலூர்க்காரி ஒரு ராகத்தில், குடமும் கையுமாக "இத்தெராஷ்ஷாய்" என்று கத்துவார்கள். அப்பா மட்டும் சொல்லமாட்டார். வெட்கம். சைக்கிள் மணியை அடிப்பார்.

நேர்முகத் தேர்வு நாளன்று அம்மா எனக்குத் தலைவாரிப் பின்னி, இருப்பதிலேயே நல்ல காட்டன் புடவையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். விஷயம் தெரிந்து அடிபம்பில் வழக்கத்தைவிடக் கூட்டம். நான் சொன்னதும் எல்லோரும் சேர்ந்து கத்தியதில் குவார்ட்டர்ஸ் நாய்கள் குரைத்தன. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் என்னமோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

நகரத்தில் ஒரு ஓட்டல் அறையில் தேர்வு. மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் இளைஞர், இன்னொருவர் தலை நரைத்தவர். இளைஞர் தொழில் சம்பந்தமாகக் கேட்டார். பதில் சொன்னேன். ஒரு ப்ரோக்ராம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், அவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என்னைப் பற்றி, படிப்பைப் பற்றி, லட்சியத்தைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாம் நான் கட்டிவைத்த கேள்விகள். பொழிந்து தள்ளினேன். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

நரைத்தவர் அதுவரை பேசவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது என்ன நடந்தது?"

ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஆனால் காலையில் நடந்ததை நான் உருப்போடவில்லை. தெரியாத கேள்வி வந்தால் தெரிந்த பதிலை எழுதிவிட்டு வருவதுதான் நம் பரீட்சைப் பழக்கம். அதையே செய்தேன். "என் ஊர் ஆவடி. அது சென்னைக்கு மேற்கே இருக்கிறது. அங்கே பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன..." என்று ஊரைப் பற்றிய பத்தியை ஆரம்பத்திலிருந்து ஒப்பித்தேன். நான் முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். நன்றி, போகலாம்" என்றார்.

முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. எழுந்தேன். ஜப்பானிய முறைப்படி, அறையைவிட்டு வெளியேறும்போது குனிந்து மன்னிப்புக் கேட்கிற பாவனையில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதையும் உருப்போட்டிருந்தேன். குனிந்தேன். ஆனால் கையில் கதவும், கண்ணில் தண்ணீருமாக நின்றபோது வாயில் வந்தது அது இல்லை.

"இத்தே கிமாஸ்" என்றேன்.

சொந்த வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் மட்டும் சொல்வது அது. வேலை கேட்டு வந்த இடத்தில், துரத்தாத குறையாக அனுப்பும்போது, 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக்கொண்டு நின்றேன். இளைஞர் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வராந்தாவில் அடுத்த ஆள் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தான். காது இரண்டும் எரிந்தன. நாலடி நடந்தேன். அழுகை போய் ஆத்திரம் வந்தது. சிரித்ததுகூட எனக்குப் பெரிதில்லை. மனப்பாடம் செய்த பொம்மை, கடைசியில் அதையும் தப்பாகச் சொல்லிவிட்டுப் போனது என்று நினைத்துக்கொள்வார்களே, அதுதான் பொறுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் உருப்போட்டதே இல்லை. தினமும் உண்மையாகச் சொன்னது அது ஒன்றுதான். திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.

உள்ளே போய் நின்றபடியே பேசினேன். முன்கூட்டிக் கட்டாத வாக்கியங்கள், எல்லாம் தப்பும் தவறுமாக வந்தன. "என் வீட்டில் 'போறேன்' சொல்லக்கூடாது. சொன்னால் அம்மாவுக்குக் கோபம். உள்ளே வா, உட்கார், தண்ணீர் குடி. அப்புறம் மறுபடி போகலாம். அப்பாவும் குடிப்பார். அப்பாவுக்குக் கம்பெனிக்கு நேரமாகும், ஆனாலும் குடிப்பார். அதனால் நான் தினமும் காலையில் அம்மாவிடம் 'இத்தே கிமாஸ்' சொல்கிறேன். அம்மா 'இத்தெராஷ்ஷாய்' சொல்வாள். அம்மாவுக்கு வேறு ஜப்பானிய வார்த்தை தெரியாது. அதனால் வாய் தானாகச் சொன்னது. மன்னியுங்கள்."

நரைத்தவர் முன்னால் சாய்ந்தார். "உங்கள் அம்மா இன்றைக்கும் சொன்னாரா?"

"சொன்னாள். அம்மா தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இருந்தாள். நிறையப் பெண்கள். எல்லோரும் சொன்னார்கள். மிகவும் சத்தம். நாய் குரைத்தது. எதிர்வீட்டுக்காரர் பயந்துவிட்டார்."

இந்த முறை சிரித்தது நரைத்தவர்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு. பிறகு, "என் கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிட்டீர்கள்" என்றார். காலையில் என்ன நடந்தது என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் மறுபடி குனிந்து, இந்த முறை சரியான வாக்கியத்தையே சொன்னேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கையை உயர்த்தி, "இத்தெராஷ்ஷாய்" என்றார்.

வேலை கிடைத்த செய்தி எஸ்டேட் கம்பெனிக்குத் தொலைபேசியில் வந்தது. போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு பாஸ்போர்ட், விசா என்று அலைந்ததில் சில மாதங்கள் ஓடின.

கிளம்பும் நாள் வந்தது. மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. வேன் வந்து நின்றிருந்தது. என்னை விமானம் ஏற்ற அப்பாவின் தொழிற்சாலை நண்பர்கள், மாமாக்கள், சித்தி குடும்பம் என்று எனக்கே இடமில்லாத அளவுக்கு வேன் நிறைந்திருந்தது. அம்மா மட்டும் ஏறவில்லை.

"நான் வர்ல. டெய்லி எங்க நின்னு சொல்றனோ அங்கயே சொல்றேன்" என்றாள்.

அடிபம்புப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் வாசலில் நின்று ஷூவின் கயிற்றைக் கட்டினேன். விடுதியிலிருந்து ஓடிவந்த நாள் ஞாபகம் வந்தது. இந்த முறை ஓடிவர ரயில் கிடையாது. அம்மாவைப் பார்த்து, "இத்தே கிமாஸ்" என்றேன்.

பெண்கள் கோரஸாகப் பதில் சொன்னார்கள். அம்மா சொல்லவில்லை.

"போ" என்றாள்.

வேலூர்க்காரிதான் முதலில் பதறினாள். "இன்னாக்கா, புள்ள கடல் தாண்டிப் போறா, இப்பப் போயி இப்டி சொல்லிட்ட?"

"நீ சும்மா இரு. நான் போயிட்டு வான்னு சொன்னேன்னா, இவ மொத மாசமே பொட்டிய தூக்கிகினு இங்க வந்து நிப்பா. எனக்குத் தெரியும் இவள." என் பக்கம் திரும்பினாள். "திரும்பி வரதெல்லாம் உனக்கே தெரியும். நான் சொல்ல வோணாம். இப்ப போ."

நான் வேனில் ஏறினேன். கோபத்திலும் துக்கத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை. பூந்தமல்லி தாண்டியபிறகுதான் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்கப்பட்டுக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, தன் ஊர்ப் பேச்சின் 'ட்டி'யையும் சேர்த்து, "இத்தெராஷ்ஷாய்ட்டி" என்றார்.

அங்கே முதல் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. நான் கற்ற மொழிக்கும் அலுவலகத்தில் அவர்கள் பேசிய வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், எதற்கென்று எனக்கு மறுநாள்தான் புரியும். பலமுறை பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அம்மாவின் 'போ' கேட்கும். போகச் சொன்னவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? பெட்டியை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, அன்று கேட்டுப் புரியாத வாக்கியங்களை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அம்மாமேல் இருந்த கோபத்திலேயே பாதி மொழியைக் கற்றேன் என்று சொன்னால் தப்பில்லை.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தேன். அதே குவார்ட்டர்ஸ், அதே வாசல். பெட்டியை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், வாசலை ஒட்டிக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சொம்பைத் தூக்கி, ஒரு வாய் குடித்தாள்.

"அன்னிக்கு நான்தானே சொன்னேன் அந்த வார்த்தைய. ரெண்டு வருசமா தொண்டையிலயே நின்னுகினு கீது" என்றாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப நீ சொல்லு."

"இப்பதானேம்மா வந்தேன்."

"வந்தா இன்னா? சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "இத்தே கிமாஸ்" என்றேன்.

"இத்தெராஷ்ஷாய்" என்றாள் அம்மா, கேசட்டில் வருகிற பெண்ணைவிடக் கம்பீரமாக. பிறகு எழுந்து, எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.